வைப்பர் மோட்டரை எறிய முதல் ஒருக்கால் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கராஜ்களில் ஒரே முறைப்பாடுதான், வைப்பர் வேலை செய்யவில்லை. ஓட்டோ, கார், சின்ன லொறி என்று எல்லாவற்றிலும் அதுதான். வருபவர்களில் அநேகம் பேர் தீர்ப்பையும் கையோடு கொண்டு வருகிறார்கள்: "அண்ணை, மோட்டர் எரிஞ்சு போச்சாம், புதுசு போடச் சொன்னவை." சொன்னவர்கள் யார் என்று கேட்டால் ஏதோ ஒரு கடை, அல்லது வேறொரு கராஜ். மோட்டரின் மூடியைக்கூடக் கழற்றாமல் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் மானிப்பாய்ப் பக்கம் வாகன வயரிங் வேலை செய்பவன். என் மேசைக்கு எரிந்துவிட்டது என்று வருகிற வைப்பர் மோட்டர்களில் மிகப் பெரும்பாலானவை எரியவில்லை. கிறீஸ் காய்ந்திருக்கும், பிறஷ் (சுற்றுகிற பகுதிக்கு மின் கொடுக்கிற காபன் துண்டு) தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஏர்த் (மின் பற்றரிக்குத் திரும்பிப் போகிற வழி) விட்டுப்போயிருக்கும். இவை மூன்றையும் அரை நாள் வேலையில், மிகக் குறைந்த செலவில் சரிப்படுத்தலாம். இதைச் சனங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு பிரசுரியுங்கள்.

முதலில், இந்தப் பிரச்சினை எங்கள் ஊரில் ஏன் இவ்வளவு அதிகம் என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிந்துவிடும். தை பிறந்தால் வானம் வெளித்துவிடும், அதற்குப் பிறகு எட்டு ஒன்பது மாதம் வைப்பர் சுவிச்சில் ஒருவரும் கை வைப்பதில்லை. கண்டியிலோ இரத்தினபுரியிலோ ஓடும் வாகனத்துக்கு இடைக்கிடை மழை பெய்து வைப்பருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும், மோட்டரும் இறுகாது. இங்கே சித்திரை வெயிலில் பொனற் சுடுகிற சூடு, வைகாசியில் தொடங்கி மாதக்கணக்கில் அடிக்கிற சோளகக் காற்று, அது கொண்டுவருகிற செம்மண் புழுதி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடல் உப்பு. பண்ணைப் பாலத்தால் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கமும் பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கும் தினமும் போய்வருகிற ஓட்டோக்களின் ஆணி, நட்டு எதைக் கழற்றினாலும் துரு உதிரும். அந்தக் காற்றுத்தான் வைப்பர் மோட்டருக்குள்ளும் போகிறது. கிறீஸில் இருக்கிற எண்ணெய் சூட்டில் மெல்ல மெல்லக் கசிந்து போய், அதைப் பிடித்து வைத்திருந்த சவர்க்காரப் பகுதி மட்டும் மெழுகாக மிஞ்சிவிடும். செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். பிறகு ஒரு நாள் இரவு ஏ9 வீதியில் எதிரே லொறி வெளிச்சம் அடிக்க மழை கொட்டத் தொடங்கும், சுவிச்சைப் போட்டால் வைப்பர் அசையாது. 2008இல் நிஷா புயல் வந்தபோதும் 2020இல் புரெவி வந்தபோதும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வாகனம் ஓட்டியவர்களை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருப்போம்.

சரி, மோட்டருக்குள் என்ன இருக்கிறது? பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இரும்புக் கோப்பைக்குள் இரண்டு காந்தம் ஒட்டியிருக்கும். நடுவில் செப்புக் கம்பி சுற்றிய ஆமேச்சர். அதன் ஒரு நுனியில் செப்புத் தகடுகளை வட்டமாக அடுக்கிய கொமியூட்டேற்றர், அதன்மேல் சுருள்வில்லால் அழுத்தப்பட்ட காபன் பிறஷ்கள். இரண்டு வேகம் உள்ள மோட்டரில் பிறஷ் மூன்று. ஒன்று பொதுவானது, அதற்கு நேரெதிரே இருப்பது குறைந்த வேகத்துக்கு, கொஞ்சம் சரிந்து தள்ளி இருப்பது கூடிய வேகத்துக்கு. ஆமேச்சர்த் தண்டின் மறுநுனியில் திருகாணி மாதிரி வெட்டிய வேர்ம், அது ஒரு நைலோன் பல்லுச்சில்லைச் சுற்றும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற ஆமேச்சரை 45, 50 சுற்றுக்கு இறக்கி, வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுவது அந்தச் சில்லுத்தான். அந்தச் சில்லின் முதுகிலோ மூடியின் உட்பக்கத்திலோ ஒரு செப்புத் தடம் இருக்கும், சுவிச்சை நிறுத்தினாலும் வைப்பர் நடுக் கண்ணாடியில் நிற்காமல் கீழே வந்து படுப்பது அதனால்தான். இவ்வளவும்தான் சாமான். ஓட்டோவில் இருப்பது இதையும்விடச் சின்னது, அநேகமாக ஒரு வேகம்தான்.

கழற்ற முதல் செய்யவேண்டிய சோதனையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் காசு வீணாகப் போவது அந்த இடத்தில்தான்.

சுவிச்சைப் போட்டு மோட்டர்ப் பக்கம் காது கொடுத்துக் கேளுங்கள். மோட்டர் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, வைப்பர் கை மட்டும் அசையவில்லை என்றால் மின்சாரத்தில் பிழை இல்லை. கையைப் பிடிக்கிற நட்டு இளகி உள்ளே பல்லு வழுக்கியிருக்கலாம், உள்ளே இருக்கிற இணைப்புத் தண்டு கழன்றிருக்கலாம், அல்லது நைலோன் சில்லின் பல்லு போயிருக்கலாம். சத்தமே இல்லை என்றால் பியூஸைப் பாருங்கள். போன பியூஸை மாற்றி அதுவும் உடனே போனால் எங்கேயோ இறுக்கம் இருக்கிறது அல்லது வயர் உடம்பில் முட்டுகிறது. பெரிய பியூஸ் போடுவதும் அதற்குப் பதிலாகச் செப்புக் கம்பி சுற்றி விடுவதும் வாகனத்துக்கே தீ வைக்கிற வேலை, தயவுசெய்து ஒருவரும் செய்யாதீர்கள்.

பியூஸ் நல்லது என்றால் மோட்டருக்கு வருகிற பிளக்கில் மின் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது எல்லோர் கையிலும் மல்ரிமீற்றர் இருக்கிறது, நல்ல விஷயம்தான், ஆனால் இந்த வேலைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. துருப்பிடித்த இணைப்பிலும், ஒரே ஒரு இழையில் தொங்குகிற வயரிலும் மீற்றர் 12 வோல்ற் என்றுதான் காட்டும், ஏனென்றால் மீற்றர் இழுக்கிற மின் ஒன்றுமே இல்லாத அளவு. பழைய பிறேக் லைற் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் பிடித்து அதை அந்த இடத்தில் கொடுத்துப் பாருங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்தால் வரத்து நல்லது, மங்கினால் வரும் வழியில் எங்கேயோ தடை. அடுத்தது ஏர்த். அநேக வாகனங்களில் மோட்டரின் உடம்பாலோ ஒரு சின்ன வயராலோ ஏர்த் போகிறது, உப்புக் காற்றில் முதலில் அரிபடுவது அந்த இடம். பற்றரியின் மைனஸில் இருந்து தனியாக ஒரு வயர் இழுத்து மோட்டரின் ஏர்த்தில் தொடுங்கள். செத்துக் கிடந்த மோட்டர் உடனே ஓடத் தொடங்கினால் வேலை முடிந்தது: அந்த ஏர்த் ஆணியைக் கழற்றி, துருவையும் பெயின்றையும் சுரண்டி, திரும்பப் பூட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசினால் போதும். ஏர்த் வயர் ஒன்று விட்டுப்போனதற்காக முழு மோட்டரும் மாற்றிய வாகனங்கள் எங்கள் ஊரில் ஓடுகின்றன, அதுவும் புது மோட்டர் போட்டும் ஓடாமல் திரும்ப வந்தவை. இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். உழைக்கிற மனிசனின் காசு அது.

வைப்பர் ஓடுகிறது, ஆனால் மெதுவாக, கிழவர் நடை நடக்கிறது என்றால் மோட்டரில் கை வைக்க முதல் இணைப்புத் தண்டைக் கழற்றி விடுங்கள். பிறகு மோட்டரை மட்டும் ஓட விடுங்கள். தனியே அது துள்ளி ஓடினால் குற்றவாளி மோட்டர் இல்லை, கண்ணாடிக்குக் கீழே வைப்பர் கை பூட்டியிருக்கிற தண்டு. அந்த இரும்புத் தண்டு அலுமினியக் குழாய்க்குள் சுற்றுவது. உப்புப் பட்ட அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூத்து ஊதி, தண்டை இறுக்கிப் பிடித்துவிடும். கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள், இலேசாக அசைய வேண்டும். இறுகியிருந்தால் மேலே இருக்கிற வளையத்தைக் கழற்றி, தண்டை வெளியே உருவி, நல்ல தேய்ப்புக் கடுதாசியால் (சாண்ட் பேப்பர்) இரண்டையும் மினுக்கி, கிறீஸ் பூசித் திரும்பப் போட்டால் சரி. அதைக் கழற்றாமல் வெளியால் எண்ணெய் விடுவது இரண்டு கிழமைக்குத்தான் நிற்கும். இறுகிய தண்டோடு புது மோட்டரைப் போட்டால் அந்தப் புது மோட்டரும் கஷ்டப்பட்டு, சூடேறி, கொஞ்ச நாளில் உண்மையாகவே எரிந்துவிடும். சில மோட்டர்களுக்குள் சூடு கூடினால் தானாகவே நிறுத்துகிற சின்னத் தகடு ஒன்று இருக்கும். பத்து நிமிடம் ஓடி நின்று, ஆறிய பிறகு திரும்ப ஓடுகிற வைப்பர் என்றால் அந்தத் தகடு தன் கடமையைச் செய்கிறது, பாரம் எங்கே என்று தேட வேண்டும்.

இவ்வளவும் பார்த்து, மோட்டரில்தான் பிழை என்று உறுதியானால் கழற்றுங்கள். பற்றரியின் மைனஸைக் கழற்றாமல் அந்த இடத்துக்குள் கை விடாதீர்கள், அந்தச் சின்ன மோட்டரின் தண்டு விரலை நசுக்கிவிடும், அவ்வளவு பலம். மோட்டர் கொஞ்சமாவது ஓடுமென்றால் பற்றரியைக் கழற்ற முதல் அதை ஓட்டி, படுக்கிற நிலையில் நிறுத்தி, பிறகு வெளியே மோட்டர்த் தண்டில் பூட்டியிருக்கிற சின்னக் கை, அதாவது கிறாங், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு கீறு கீறி வையுங்கள். கிறாங்கின் நட்டைத் திருப்பும்போது கிறாங்கை வேறொரு சாவியால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் திருப்பினால் அந்த விசை முழுக்க உள்ளே நைலோன் பல்லில்தான் போய் விழும்.

இன்னொரு கீறு, இது மிக முக்கியம்: இரும்புக் கோப்பையும் அலுமினிய உடம்பும் சேர்கிற இடத்தில் இரண்டிலும் படுகிற மாதிரி ஒரு கோடு. இரண்டு காந்தம் உள்ள மோட்டரில் கோப்பையை அரைச் சுற்று மாறிப் பூட்டினால் வடக்கு தெற்கு மாறி மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். பூட்டிய பிறகு அது ஓடும், ஆனால் படுக்கிற இடம் குழம்பும், ஏன் என்று விளங்காமல் ஆட்கள் மண்டையைப் போட்டு உடைப்பார்கள்.

கோப்பையை இழுக்கும்போது ஆமேச்சரும் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு வரும், பிறஷ்கள் சுருள்வில்லின் வேகத்தில் உள்ளே பாய்ந்துவிடும், தண்டின் நுனியில் இருக்கிற மிளகளவு இரும்புக் குண்டும் மெல்லிய வொஷர்களும் எங்கேயாவது ஓடி ஒளியும். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன்மேல் வைத்துத்தான் கழற்ற வேண்டும், கழன்ற ஒழுங்கிலேயே வரிசையாக வைக்க வேண்டும். கோப்பையில் சுத்தியலால் தட்டவே கூடாது. காந்தம் பீங்கான் மாதிரியான பொருள், வெடித்துவிடும்.

போன மழைக்காலத்தில் காரைநகரில் இருந்து ஒரு ஓட்டோத் தம்பி கொண்டுவந்த மோட்டரைத் திறந்தபோது உள்ளே இருந்த நிலையைச் சொன்னால் விளங்கும். பல்லுச்சில்லுப் பெட்டிக்குள் கிறீஸ் மஞ்சள் மாறிக் கறுப்பாகி, தேய்ந்த மெழுகுதிரித் துண்டுபோல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது, பல்லில் துளிகூட இல்லை. கொமியூட்டேற்றர் கன்னங்கரேல் என்று இருந்தது, தகடுகளுக்கு இடையில் இருக்கிற வெட்டுகளுக்குள் காபன் தூள் இறுகி நிரம்பியிருந்தது. ஒரு பிறஷ் தேய்ந்து கூட்டுக்குள் சரிந்து சிக்கியிருந்தது, சுருள்வில்லு அழுத்தியும் அது செப்பைத் தொடவில்லை. அந்த மோட்டருக்குத்தான் எரிந்துவிட்டது என்று தீர்ப்பு. ஆமேச்சர்க் கம்பியின் வார்னிஷ் நல்ல தேன் நிறத்தில் மினுங்கிக்கொண்டு இருந்தது, எரிந்த மணம் துளிகூட இல்லை.

அதற்குச் செய்தது இவ்வளவுதான். கொமியூட்டேற்றரை 600 நம்பர் கடுதாசித் துண்டால் சுற்றிப் பிடித்து, செப்பு நிறம் வரும்வரை மெல்லத் திருப்பித் திருப்பித் தேய்த்தது. இரும்பு தேய்க்கிற எமரிக் கடுதாசியைப் போடக் கூடாது, அதன் துகள் செப்பில் பதிந்து பிறஷை அரிக்கும். பிறகு உடைந்த ஹக்சோ அலகை மெல்லியதாகத் தீட்டி ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் இழுத்து ஊத்தையை எடுத்தது. இந்த வேலையை விடுகிறவர்கள் அதிகம், ஆனால் தகட்டுக்குத் தகடு காபன் பாலம் போட்டு மின் தாவுவது அங்கேதான். துணியில் கொஞ்சம் பெற்றோல் தொட்டுத் துடைத்து உலர விட்டது, ஆமேச்சரை முழுக்கப் பெற்றோலில் ஊறப் போடக் கூடாது. மல்ரிமீற்றர் இந்த இடத்தில்தான் உண்மையில் உதவும்: பக்கத்துப் பக்கத்துத் தகடுகளுக்கு இடையில் எல்லா இடமும் ஒரே மாதிரி வாசிப்பு வர வேண்டும், தகட்டுக்கும் தண்டுக்கும் இடையில் ஒன்றும் காட்டக் கூடாது. இரண்டும் சரி என்றால் ஆமேச்சர் அநேகமாக நல்லது.

இனி பிறஷ். இந்த விஷயத்தில் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு குறை இருக்கிறது. ஸ்ரான்லி வீதிப் பக்கம் போய்க் கேட்டால் முழு மோட்டர் இருக்கிறது, றீகண்டிஷன் மோட்டரும் இருக்கிறது, பிறஷ் கேட்டால் கைவிரிக்கிறார்கள். கிறைண்டர் மெஷினுக்கும் ட்ரில் மெஷினுக்கும் வருகிற பிறஷைத் தந்து அராவிப் போடச் சொல்கிறவர்களும் உண்டு. அது 230 வோல்ற் மெஷினுக்கு என்று செய்த காபன், அதில் மின்தடை அதிகம். 12 வோல்ற் மோட்டருக்குச் செப்புத் தூள் கலந்த பிறஷ்தான் வேண்டும், கையில் எடுத்துப் பார்த்தாலே செம்பு நிறம் கொஞ்சம் மினுங்கும். அராவிப் போட்ட ட்ரில் பிறஷோடு மோட்டர் ஓடும், ஆனால் பலம் இருக்காது, மழையில் கண்ணாடி நனைந்து பாரம் குறைந்தபோது ஓடி, தூறலில் கண்ணாடி பாதி காய்ந்து பிடிக்கும்போது நின்றுவிடும். பழைய வைப்பர் மோட்டரில் இருந்தோ ஏசி புளோவர் மோட்டரில் இருந்தோ நல்ல நீளத்தில் இருக்கிற பிறஷை எடுத்து அளவுக்கு அராவிப் போடுவது அதைவிட எவ்வளவோ மேல். அராவும்போது கூட்டுக்குள் இறுகாமலும் ஆடாமலும் இருக்கிற அளவு பார்க்க வேண்டும். முகத்தைக் கொமியூட்டேற்றரின் வளைவுக்கு எடுக்க, அதன்மேல் கடுதாசியைச் சுற்றி பிறஷை அதில் தேய்த்தால் வளைவு தானாக வரும். பின்னல் வயரை ஈயம் வைத்து ஒட்டும்போது குறட்டால் வயரின் நடுவைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஈயம் பின்னலுக்குள் ஏறி வயர் கம்பியாக விறைத்துவிடும், பிறஷ் அசையாது. 5 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்த பிறஷை இன்னும் கொஞ்சக் காலம் ஓடும் என்று விடாதீர்கள், திறந்ததுதான் திறந்தீர்கள், மாற்றிவிடுங்கள். கூடிய வேகத்தில் ஓடுகிறது, குறைந்த வேகத்தில் ஓடவில்லை என்ற முறைப்பாட்டுக்கும் அநேகமாக இதுதான் காரணம், அந்த வேகத்தின் பிறஷ் மட்டும் தேய்ந்திருக்கும். சுவிச்சையும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பூட்டும்போது பிறஷ்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுத்து நூலால் கட்டி வைத்து, ஆமேச்சரை உள்ளே விட்ட பிறகு நூலை உருவினால் அழகாக உட்கார்ந்துவிடும்.

பல்லுச்சில்லுப் பெட்டியில் காய்ந்த கிறீஸை மரக் குச்சியால் சுரண்டி எடுங்கள், உலோகப் பெட்டியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுங்கள், நைலோன் சில்லைத் துணியால் துடைத்தால் போதும், தின்னர் படவிட வேண்டாம். புதுக் கிறீஸ் லிதியம் கிறீஸாக இருக்கட்டும். பல்லு முழுக்கப் படுகிற அளவு, பெட்டி நிரம்ப அடைக்க வேண்டியதில்லை. தண்டு சுற்றுகிற புஷ்ஷுக்குக் கிறீஸ் வேண்டாம். அது எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கிற நுண்துளை வெண்கலம், தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி விட்டு ஊறவிட வேண்டும். தண்டின் நுனியை அழுத்துகிற சின்னத் திருகாணி இருந்தால் அதைத் தொடும்வரை திருப்பி, கால் சுற்றுப் பின்னுக்கு எடுத்து, பூட்டு நட்டை இறுக்குங்கள். முழுக்க இறுக்கினால் மோட்டர் திணறும், இளக்கமாக விட்டால் டக் டக் என்று அடிக்கும்.

வைப்பர் படுக்கிற விஷயம்தான் ஆட்களை அதிகம் குழப்புவது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சுவிச்சை நிறுத்தியதும் மோட்டருக்கு நேர்வழியால் வருகிற மின் நின்றுவிடும், ஆனால் செப்புத் தடத்தால் இன்னொரு வழியில் மின் வந்துகொண்டிருக்கும். சில்லு சுற்றிச் சுற்றிக் குறித்த இடத்துக்கு வந்ததும் தடம் முடிந்து அந்த வழியும் அறும், அதே நொடியில் மோட்டரின் அந்த முனை ஏர்த்தோடு சேரும். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டரின் இரண்டு முனையையும் சேர்த்தால் அது டைனமோவாக மாறித் தன்னைத் தானே பிடித்து நிறுத்தும். இது விளங்கினால் நோயும் விளங்கும். நிறுத்தியதும் நடுக் கண்ணாடியிலேயே நிற்கிறதா, இரண்டாவது வழியால் மின் வரவில்லை. படுக்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஓடி ஓடித் திரும்ப ஒரு சுற்றுச் சுற்றுகிறதா, ஏர்த்தோடு சேர்கிற இடம் வேலை செய்யவில்லை, பிறேக் இல்லை. நிறுத்தவே முடியவில்லையா, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான், தடத்தையும் அதில் உரசுகிற விரல் தகடுகளையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் மினுங்கத் துடைத்து, அழுத்தம் குறைந்த விரலை ஒரு மயிரிழை உள்ளே வளைத்துவிடுவது. பிறகு மூடியைப் பூட்டும்போது தண்ணீர் போகாமல் ஓரத்தில் சிலிக்கோன் பூசலாம், ஆனால் மோட்டரின் உடம்பில் இருக்கிற மூச்சுத் துவாரத்தை அதனால் அடைத்துவிடாதீர்கள், உள்ளே வியர்க்கிற ஈரம் வெளியேறுவது அதனால்தான்.

எங்கள் ஊரில் இன்னும் ஓடுகிற மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கார்களில் இருக்கிற பழைய லூக்காஸ் மோட்டர்களில் அநேகமானவற்றில் காந்தம் இல்லை, காந்தத்துக்குப் பதில் கொயில். அதனால் பற்றரியின் பிளஸ் முனையை உடம்போடு இணைத்து, பிளஸ் ஏர்த்தாக வந்த காரை மைனஸ் ஏர்த்துக்கு மாற்றினாலும் கொயிலும் ஆமேச்சரும் சேர்ந்து மாறி, மோட்டர் பழைய பக்கத்துக்கே சுற்றும். பிற்காலத்தில் வந்த காந்த மோட்டரைப் போட்டவர்கள்தான் பிளஸ் மைனஸ் பார்த்து இணைக்க வேண்டும். மைனரில் மோட்டரில் இருந்து கண்ணாடிக்குப் போவது சுருள் சுற்றிய கம்பி, குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடுவது. அந்தக் குழாய்க்குள் கிறீஸ் காய்ந்தால் எந்த மோட்டரும் இழுக்காது. வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பியைத் தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பாருங்கள், 6 இறாத்தல், அதாவது கிட்டத்தட்ட 2.7 கிலோ இழுவைக்கு மேல் போகக் கூடாது என்பது பழைய கைந்நூல்களின் கணக்கு.

எல்லா மோட்டரையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. ஆமேச்சர் வார்னிஷ் கறுத்து எரிந்த மணம் வந்தால், காந்தம் வெடித்துத் துண்டானால், கொமியூட்டேற்றர்த் தகடு தேய்ந்து மெலிந்துவிட்டால் விட்டுவிடுங்கள். தோட்டத்துத் தண்ணீர்ப் பம்புக்குக் கொயில் சுற்றுகிற கெட்டிக்காரர்கள் எங்களிடம் இருக்கிறார்கள், ஆனால் இந்தச் சின்ன ஆமேச்சரைச் சுற்றுகிற கூலி இன்னொரு மோட்டரின் விலைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட மோட்டரையும் குப்பையில் போடாதீர்கள், அதன் பிறஷும் சில்லும் மூடியும் இன்னொரு மோட்டருக்கு உயிர் கொடுக்கும்.

1990க்குப் பிறகு யுத்தத்தில் பாதை பூட்டி, பெற்றோலும் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்த காலத்தில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட சனம். அன்று ஒரு சாமானையும் எறியவில்லை, திறந்து பார்க்காமல் ஒன்றையும் பழுது என்று சொல்லவில்லை. அந்தத் தலைமுறை மெக்கானிக்மார் வயது போய் ஒவ்வொருவராகக் கராஜைப் பூட்டுகிறார்கள், அவர்களின் கைவேலை பழகாமல் வருகிற பிள்ளைகள் கழற்று, புதிசைப் போடு என்பதையே வேலை என்று நினைக்கிறார்கள். பிள்ளைகளில் பிழை இல்லை, ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து 2025இல் திரும்ப விடும்வரை ஐந்து வருடம் பழைய வாகனங்களைத்தான் இழுத்து ஓட்டினோம், இப்போதும் புது வாகனத்தின் விலை சாதாரண ஆளுக்கு எட்டுகிற விலை இல்லை. ஆகவே கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்திலும் மோட்டார் வாகனம் படிப்பிக்கிறவர்களிடம் கேட்கிறேன், ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பழுதான ஒரு வைப்பர் மோட்டரைக் கொடுத்து ஓடப் பண்ணித் தரச் சொல்லுங்கள். காந்தம், கொயில், பிறஷ், பல்லுச்சில்லு, சுவிச், பிறேக் எல்லாம் அந்த ஒரு சாமானுக்குள் இருக்கிறது. கடைக்காரர்களிடம் கேட்பது, செப்புக் கலந்த பிறஷையும் நைலோன் சில்லையும் தனியாக இறக்கி வையுங்கள், வாங்க நாங்கள் இருக்கிறோம்.

காரின் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைப் பத்திரமும் காப்புறுதியும் கேட்கிறார்கள், அந்தப் பரிசோதனையில் வைப்பர் ஓடுகிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அதனால் அதைப் பார்ப்பது ஓட்டுகிறவரின் பொறுப்பு. ஆவணி முடிய முதல் வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுவாருங்கள், அப்போது எங்களுக்கும் ஆறுதலாகத் திறந்து பார்க்க நேரம் இருக்கும். கார்த்திகையில் வாசலில் பத்து வாகனம் நனைந்துகொண்டு நிற்கும்போது நல்ல மெக்கானிக்கும் அவசரத்தில் புதுசு போடத்தான் சொல்வார். மழை இல்லாத மாதங்களில் மாதம் ஒரு தடவையாவது கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி வைப்பரை இரண்டு நிமிடம் ஓட விடுங்கள், காய்ந்த கண்ணாடியில் ஓட்ட வேண்டாம், றப்பரும் போகும், மோட்டருக்கும் பாரம். வெயிலில் நிற்பாட்டுகிற வாகனத்தின் றப்பர் வெடித்திருந்தால் அதையும் அந்த நேரமே மாற்றிவிடுங்கள். மோட்டர் திருத்திப் பூட்டுகிறவர்கள் கடைசியாகக் கவனிக்கவேண்டியது, வைப்பர் கையை முதலிலேயே பூட்டாதீர்கள், மோட்டரைப் பூட்டி, பற்றரி கொடுத்து, ஒருக்கால் ஓட்டி நிறுத்தி, அது தானாகப் படுக்கிற நிலைக்கு வந்த பிறகுதான் கையைக் கண்ணாடியின் கீழ் ஓரத்துக்கு நேராக வைத்து நட்டை இறுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாகன வயரிங் தொழிலாளி ஒருவர்,
மானிப்பாய்.